ஒரு பதிவுக்குள் இரண்டு ஆரோக்கியமேரி

சென்ற மாதம் திவ்யா தொலைபேசியில் அழைத்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள்.

"மேடம், டெஸ்டிங் டீமையே எடுத்துட்டாங்க. நான் ஒருத்திதான் மிச்சம். இனிமே டெஸ்ட் எல்லாத்தையும் மெஷினே எழுதிக்குமாம், மெஷினே ஓட்டிப் பார்த்துக்குமாம். நான் பார்த்து ஓகே சொன்னா போதுமாம்."

"உனக்கு வேலை இருக்குல்ல? அதைச் சொல்லு முதல்ல."

"இருக்கு மேடம். ஆனா பயமா இருக்கு. அது ஒரு நாள்ல எழுதறதை நான் ஒரு மாசம் உட்கார்ந்தாலும் படிக்க முடியாது. படிக்காமதான் ஓகே போடறேன். நீங்க எப்படி மேடம் பயப்படாம இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பயந்துகொண்டேதான் பார்த்தேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "இல்ல மேடம், நீங்க எவ்வளவு கூலா இருப்பீங்க" என்றாள். வைத்த பிறகு வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. நோயாளி வந்து பெயர் பதிவது முதல் மருந்துக் கவுன்ட்டரில் மாத்திரை வாங்கிப் போவது வரைக்கும் எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கும். மற்றவர்கள் அதை எழுதுவார்கள். அது எங்கே உடையும் என்று உடைத்துப் பார்ப்பது என் வேலை.

நான் விழுப்புரத்துப் பெண். கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தேன். ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் படித்தேன், டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்தவர் தட்டியதில் பிழை கண்டுபிடிக்கிறேன் என்று என்னை டெஸ்டிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். உண்மையான பயிற்சி குமரகுரு சாரிடம் வந்து சேர்ந்த பிறகு தொடங்கியது.

குமரகுரு சார் எங்கள் மேனேஜர். ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை, அதட்டத் தெரியாத குரல். பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்கும்படி அவர் பேசி நான் பார்த்ததில்லை. யாராவது பதறிப்போய், "சார், பெரிய பிரச்சினை" என்று ஓடிவந்தால் எழுந்து தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். "உட்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்பார். ஓடிவந்தவர் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கும் வரைக்கும் திரையைப் பார்க்க மாட்டார், அவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

அவரிடம் ஒரு வினோதமான கட்டாயம் இருந்தது. நாங்கள் எழுதும் பிழை அறிக்கையில் 'யூசர்' என்ற சொல் வரக் கூடாது. "யூசர்னா யாரு? அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். பதிவுக் கவுன்ட்டரில் உட்காரும் பெண் என்று எழுத வேண்டும். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வரும் பெரியவர் என்று எழுத வேண்டும். புதிதாக எதை வெளியிடும் முன்னும் எங்களைச் சுற்றி உட்கார வைத்து ஒரே கேள்விதான் கேட்பார்: "இது தப்பாப் போனா யாருக்கு வலிக்கும்?" யாருக்குமே வலிக்காது என்று சொன்னால் அன்றைக்கு வெளியீடு கிடையாது. பதில் தெரியவில்லை என்றால் இன்னும் சோதிக்கவில்லை என்பது அவர் கணக்கு. பயப்படுவது எப்படி என்பதைத்தான் அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் பொதுவாகப் பயந்தால் போதாது, ஒரு குறிப்பிட்ட ஆளுக்காகப் பயப்பட வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது.

பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனை. ஆவடியில் அதற்கு ஒரு கிளை. இரண்டிலும் தனித்தனியாகப் பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கித் தரும் வேலை எங்களுக்கு வந்தது. இரண்டு இடத்திலும் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இரண்டு பதிவுகள் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து ஒன்றாக இணைக்க வேண்டும்.

கேட்க எளிது. நம் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டு செய்து பார்த்தால்தான் தெரியும். ஆரோக்கியமேரி என்ற ஒரு பெயரைக் கவுன்ட்டரில் உட்காருபவர் இங்கிலீஷில் எத்தனை விதமாகத் தட்டுவார் என்று நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். சி போட்டு, கே போட்டு, இரண்டும் போட்டு, நடுவில் இடம் விட்டு, விடாமல். இனிஷியல் கல்யாணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் கணவருடையது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுவார்கள். எந்த மருத்துவமனைப் பதிவைத் திறந்தாலும் வயதான பெண்களில் பெரும்பாலோர் புத்தாண்டு அன்று பிறந்திருப்பார்கள்.

இரண்டு பதிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எங்கள் நிரல், அதாவது புரோகிராம், மதிப்பெண் போடும். பெயரின் ஓசை, வயது, கணவர் பெயர் எல்லாவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண். மிக அதிகமாக வந்தால் தானே இணைத்துவிடும். கொஞ்சம் குறைந்தால் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தானே இணைப்பது வேண்டவே வேண்டாம், எல்லாவற்றையும் மனிதர் பார்க்கட்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். குமரகுரு சாரும் அதைத்தான் சொன்னார். "ஒருத்தரை ரெண்டு பேரா வெச்சிருந்தா தொந்தரவு. ரெண்டு பேரை ஒருத்தரா ஆக்கிட்டா ஆபத்து" என்றார். கூட்டத்தில் பாதி ஒத்துக்கொண்டு, தானே இணைப்பதற்கான மதிப்பெண் எல்லையை மிக உயரத்தில் வைத்தார்கள். நான் அந்த உயரத்தில் வைத்துச் சோதித்தேன்.

கடைசி வாரத்தில், மனிதர் பார்க்க வேண்டிய பட்டியல் நீளமாக இருக்கிறது, தேதிக்குள் முடியாது என்று மேலிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ எல்லையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார்கள். ஒரே ஒரு எண். அதை மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எங்களிடம் சொல்லவில்லை. மாற்றியதையே சொல்லவில்லை.

புதிய மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் வாரம் நானும் குமரகுரு சாரும் பூந்தமல்லி மருத்துவமனையிலேயே இருந்தோம். மழைக்காலம், காய்ச்சல் நேரம். வரவேற்பறையில் நிற்க இடமில்லை. அந்த வாரக் கடைசியில், ஒரு முற்பகலில், மருந்துக் கவுன்ட்டர் பக்கம் பெரிய சத்தம் கேட்டது.

ஒரு ஆட்டோக்காரர் காக்கிச் சட்டையோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் அம்மா, சுவரில் சாய்ந்தபடி, வெளிறிப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நசரத்பேட்டைக்காரர்கள். அவர் பெயர் ஜெரால்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இன்னாம்மா இது? எங்கம்மாக்கு சக்கரையே கெடியாது. நேத்து நீங்க குட்த்த மாத்திரைய துன்னுட்டு காலைல மயங்கி வுயுந்துட்ச்சு. எதுக்கால ஊட்டு நர்ஸம்மா பார்த்துட்டு இது சக்கரை மாத்திரைன்னு சொல்லுது. சக்கரத் தண்ணி குட்த்து எய்ப்பி இட்டுகினு வந்துகீறேன். இன்னா, சாவடிக்கப் பாக்கிறீங்களா?"

டாக்டர் ஒருவர் ஓடிவந்து அந்த அம்மாவை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். நான் ஜெரால்டிடம், "தம்பி, அந்த மருந்துச் சீட்டைக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு அருகிலிருந்த கம்ப்யூட்டரில் அந்த அம்மாவின் பதிவைத் திறந்தேன்.

ஆரோக்கியமேரி. கணவர் பெயர் அந்தோணி. இதய வால்வு ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அதற்குக் கீழே நீரிழிவு, அதற்கு மாத்திரை. அதற்கும் கீழே வயிற்றில் புண், ரத்த வாந்தி, ஆவடிக் கிளையில் சேர்த்து வைத்தியம்.

"தம்பி, அம்மா எப்பவாவது ரத்த வாந்தி எடுத்திருக்காங்களா? ஆவடி ஆஸ்பத்திரியில சேர்த்தீங்களா?"

"ஆவடியா? நாங்க அந்தப் பக்கமே போனது கெடியாது மேடம். எங்கம்மாக்கு ஹார்ட்டு மட்டும்தான் பிராப்ளம்."

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு ஆளின் உடம்பு அல்ல. இரண்டு பெண்களின் நோய்களை ஒருவர்மீது ஏற்றி வைத்திருந்தது அந்தத் திரை. அப்படியானால் இன்னொரு ஆரோக்கியமேரி இருக்கிறார். வயிற்றில் புண்ணோடு இருக்கிறார். அவருக்கும் பதிவு இதுதான். கீழே போய்ப் பார்த்தேன். அந்த வாரத் தொடக்கத்திலேயே ஆவடிக் கிளையில் மருந்து வாங்கியிருக்கிறார். சர்க்கரை மாத்திரையோடு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் பதிவில் இருந்தபடியே ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வயிற்றுப் புண்காரருக்கு ரத்தம் உறையாத மாத்திரை. நான் டாக்டர் இல்லை. ஆனால் இத்தனை வருடம் மருத்துவமனைகளில் உட்கார்ந்து எழுந்தவளுக்கு அது புரியாமல் போகாது.

பதிவில் இருந்த செல் நம்பரை என் போனில் அழுத்தினேன். என் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. ஜெரால்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "யாரு?" என்றார்.

பதிவுகளை இணைக்கும்போது இரண்டு நம்பர் இருந்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். முகவரியும் அப்படியே. நசரத்பேட்டை மட்டும் தங்கிவிட்டது. இன்னொரு ஆரோக்கியமேரியைத் தேடிப் போக ஒரு சொல்கூட அந்தத் திரையில் மிச்சமில்லை. அவர் மாத்திரைகள் மட்டும்தான் இருந்தன.

இப்படி ஒரு நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குமரகுரு சார் எங்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறார். தவறான பதிவைத் திருத்தப் போகாதே. திருத்தினால் தவறு எப்படி வந்தது என்ற தடயம் போய்விடும். திரையை அப்படியே படம் எடு. அந்தப் பதிவை யாரும் தொடாதபடி பூட்டு. பிறகு, இதே தவறு இன்னும் எங்கெல்லாம் நடந்திருக்கும் என்று கேள். ஒன்று கண்ணில் பட்டால் அது ஒன்று மட்டும் என்று ஒருபோதும் நினைக்காதே. நான் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

மாடியில் நிர்வாக அலுவலர் அறைக்கு ஓடினேன். குமரகுரு சார் அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்தார்.

"உட்காருங்க சுமதி. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நிறுத்திடலாம்" என்றார். "மொத்தத்தையும். காகிதத்துக்குப் போயிடலாம்."

நிர்வாக அலுவலர் டேவிட் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துவிட்டார். "சார், கீழ கூட்டத்தைப் பார்த்தீங்கல்ல? பிள்ளைங்களோட நிக்கறாங்க. நிறுத்தினா கலவரமாயிடும். அந்த ஒரு பேஷன்ட்டை மட்டும் சரி பண்ணிடுங்க. மத்ததை ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்."

"எத்தனை பேர்னு தெரியாது சார்."

"அதான் சொல்றேன், தெரியாததுக்குப் போய்..."

குமரகுரு சார் வாதாடவில்லை. அதே தாழ்ந்த குரலில், "உங்க வீட்ல யாராவது இங்க மாத்திரை வாங்கறாங்களா சார்?" என்று கேட்டார்.

டேவிட் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "எங்கம்மா" என்றார். பிறகு, "நிறுத்துங்க" என்றார்.

கீழே சத்தம் கூடியது. கவுன்ட்டர் பெண்கள் வெள்ளைத் தாள்களை எடுத்து வைத்துக் கையால் எழுதத் தொடங்கினார்கள். நோயாளிகள் திட்டினார்கள். அந்த வாரம் மாத்திரை வாங்கிப் போனவர்களில் இணைக்கப்பட்ட பதிவுக்காரர்கள் எல்லாரையும் போனில் கூப்பிட்டு, வழக்கமில்லாத மாத்திரை இருந்தால் நிறுத்தச் சொல்லும்படி எங்கள் ஆட்களை உட்கார வைத்தோம். அம்பத்தூர் அலுவலகத்தில் ஒருவர் பழைய ஆவடித் தரவின் நகலைத் திறந்து அந்த இன்னொருவரைத் தேடினார். கிடைத்தது. நம்பருக்கு அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. முகவரி என்று, 'ஏரி அருகில், திருநின்றவூர்' என்று மட்டும் இருந்தது.

"வாங்க போலாம்" என்றார் குமரகுரு சார்.

அவர் காரில் ஆவடி வழியாகப் போனோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. பட்டாபிராம் தாண்டினோம். எங்கள் டைரக்டர் போன் செய்தார். காரின் ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"குமரகுரு, நம்ம பக்கம் தப்புன்னு யாருகிட்டயும் ஒத்துக்காதீங்க. லீகல் கிட்ட பேசிட்டு வரேன். நீங்க எங்க போறீங்க இப்ப?"

"வண்டி ஓட்டிகிட்டிருக்கேன் சார், அப்புறம் பேசறேன்" என்று துண்டித்தார். அப்போதுதான் கவனித்தேன், ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவர் கைகளில் நரம்பு புடைத்திருந்தது.

எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே படம்தான். ஒரு பெண் காலையில் எழுந்து, டாக்டர் கொடுத்த மாத்திரை என்று நம்பி, ஒழுங்காகச் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீர் குடித்து விழுங்குகிறார். ஒழுங்கானவராக இருந்தால்தான் ஆபத்து. மறதிக்காரராக இருக்கக் கூடாதா, சோம்பேறியாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே போனேன்.

ஏரிப் பக்கம் புதிதாக மனை பிரித்த தெருக்கள். பாதி வீடுகள் பூசாமல் நின்றன, சாலையில் மழைத் தண்ணீர். ஒரு மளிகைக் கடையில் விசாரித்தேன்.

"ஆரோக்கியமேரியா? எந்த ஆரோக்கியமேரி? டெய்லர் அம்மாவா, ஸ்கூல் ஆயாவா?"

"கணவர் பேரு அந்தோணி."

"ரெண்டு பேர் ஊட்டுக்காரரும் அந்தோணிதாம்மா."

அந்த ஒரு நொடி எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எங்கள் நிரலை ஏமாற்றிய அதே பெயர்கள், இங்கே எங்களையும் நிறுத்தி வைத்தன. "சக்கரை இருக்கறவங்க. வயித்துல புண்ணுன்னு ஆவடியில சேர்த்திருந்தாங்க" என்றேன்.

"அப்டின்னா டெய்லரம்மா" என்று கடைக்காரர் வழி காட்டினார்.

வீடு திறந்து கிடந்தது. கூடத்தில் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த ஜாக்கெட். கூப்பிட்டோம், பதில் இல்லை. ஜன்னல் திட்டில் எங்கள் மருத்துவமனையின் மருந்துக் கவர் இருந்தது. அதிலிருந்து ரத்தம் உறையாத மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். வரிசை தப்பாமல், ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார்.

"நீங்க யாரு? மேரியக்கா இல்லையே. காலைலேர்ந்து தலை சுத்துதுன்னுச்சு. வெளிக்கி கறுப்பா போவுதுன்னுச்சு. மூக்குல வேற லேசா ரத்தம். இப்பதான் அவங்க ஊட்டுக்காரர் ஸ்டேசன் கிட்ட இருக்கற கிளினிக்குக்கு இட்டுகினு போனாரு."

காரைத் திருப்பும்போது குமரகுரு சாரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் சாமி கும்பிடுகிறவர் இல்லை. என்ன சொன்னார் என்று தெரியாது.

அது ஒற்றை அறைக் கிளினிக். வெளியே பெஞ்சில் நாலைந்து பேர். குமரகுரு சார் யாரையும் கேட்காமல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு பெண் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. கணவர் தலைமாட்டில் நின்றிருந்தார். வயிற்று வலி தாங்கவில்லை என்று சொன்னதால் வலிக்கு ஊசி போடுவதற்காக டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"போடாதீங்க!"

அது குமரகுரு சாரின் குரல் என்று எனக்கே உடனே தெரியவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாருங்க நீங்க? வெளிய போங்க."

"சார், இவங்க ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டுகிட்டிருக்காங்க. நாலஞ்சு நாளா. இவங்களுக்கே தெரியாது."

"யாரு கொடுத்தா?"

"நாங்கதான். தப்பா கொடுத்துட்டோம்."

நான் கையோடு எடுத்து வந்திருந்த மாத்திரை அட்டையை நீட்டினேன். டாக்டர் பெயரைப் படித்தார். கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். அந்த வலி ஊசி வயிற்றுப் புண்ணை இன்னும் திறந்துவிடக் கூடிய வகை என்று பிறகு எங்களிடம் சொன்னார். அப்போது உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அந்தோணி என் பக்கத்தில் நின்றிருந்தார். "என்னம்மா ஆச்சு? என்ன தப்பு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பெயர் ஒத்துப்போனதால் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "பேர் ஒண்ணா இருந்தா? எங்க கோயில்ல பத்து ஆரோக்கியமேரி இருக்காங்களே" என்றார்.

பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள், அந்த மாத்திரையை முறிக்கும் மருந்து கொடுத்தார்கள். முதல் இரண்டு நாட்கள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த இரண்டு நாட்களும் வீட்டில் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். பிறகு தேறினார். நசரத்பேட்டை ஆரோக்கியமேரியும் தேறி வீட்டுக்குப் போனார். ஜெரால்டு என்னைக் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த பல வாரங்கள் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து இணைந்த பதிவுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பிரித்தோம். வேறு சில ஜோடிகளும் கிடைத்தன. இரண்டு லட்சுமிகள், இரண்டு பாத்திமாக்கள், ஒரு தகப்பனும் மகனும். நல்ல வேளையாக யாருக்கும் பெரிய கேடு வந்திருக்கவில்லை. அந்த எண்ணை இறக்கியது யார் என்பது கடைசி வரைக்கும் வெளியே வரவில்லை. "நாங்கதான் தப்பா கொடுத்துட்டோம்" என்று முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம் சாட்சிகள் முன்னால் சொன்னது மட்டும் கம்பெனியில் பெரிய குற்றமாகிவிட்டது. குமரகுரு சாரைப் பொறுப்பிலிருந்து மாற்றி ஒரு மூலை அறையில் உட்கார வைத்தார்கள். சில மாதங்களில் அவர் விலகிவிட்டார். வழியனுப்பும் கூட்டம்கூட நடக்கவில்லை. போகும்போது என் மேசைக்கு வந்து, "சுமதி, பயத்தை விட்டுடாதீங்க" என்று வழக்கமான தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் விடவில்லை. விட நினைத்தாலும் அது என்னை விடுவதாக இல்லை. இப்போது ரேஷன், காஸ், பென்ஷன், வங்கி, மருத்துவமனை என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லிக் குறுஞ்செய்திகள் வருகின்றன. இணைத்தால் வசதி என்பது எனக்கும் தெரியும், அந்த வசதியைக் கட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவருக்குப் பென்ஷன் நின்றுபோனது. அவர் இறந்துவிட்டார் என்று எங்கோ பதிந்திருக்கிறதாம். அவர் நேரில் போய் நின்றார். "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது" என்றார்களாம், அவர் முகத்தைப் பார்த்தே. எந்த எண்ணை யார் இறக்கினார்கள் என்று அந்தக் கவுன்ட்டர்க்காரருக்கும் தெரியாது, பாவம். இன்று அந்த எண்ணை இறக்க ஒரு மனிதர்கூடத் தேவையில்லை, மெஷின் தானே கற்றுக்கொண்டு இறக்கும் என்கிறார்கள். படிக்காமல் ஓகே போடுகிறேன் என்று திவ்யா சொன்னதை வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தது அதனால்தான்.

திருநின்றவூர் ஆரோக்கியமேரி வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனேன். கம்பெனிக்குச் சொல்லவில்லை. இளைத்திருந்தார், ஆனால் மெஷின் முன் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். காபி போட்டுக் கொடுத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். அந்தோணிக்குச் சொல்லத் தெரியாததை அவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். இரண்டு பதிவு, மதிப்பெண், எல்லை. தையல்காரர், அளவு என்றால் அவருக்குப் புரிந்தது. தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த இன்னொரு மேரி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கம்மா."

"மத்தவங்களை எல்லாம் கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"பார்த்த வரைக்கும் எல்லாரையும் பிரிச்சிட்டோம்மா."

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பார்த்த வரைக்குமா?"

நாங்கள் தேடியது எங்களுக்குத் தேடத் தெரிந்த வகையில் கலந்துபோனவர்களை மட்டும்தான். வேறு விதமாகக் கலந்தவர்கள் இருந்தால், அவர்கள் இன்னும் உள்ளேதான் இருப்பார்கள், ஒழுங்காக, சாப்பாட்டுக்குப் பிறகு, மாத்திரை போட்டுக்கொண்டு.

காபி ஆறிப்போய்க்கொண்டிருந்தது. அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.